ஒரே வயிறு

அக்கா மகள் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்திருக்கிறாள். பாலூட்டிகளின் செல்களில் ஒரே மரபணுவின் வெளிப்பாடு செல்லுக்குச் செல் ஏன் மாறுகிறது என்பது அவள் தலைப்பு. விடுமுறைக்குக் கிணத்துக்கடவு வந்தவள், திண்ணையில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அதைச் சொல்லப் பார்த்தாள்.

பொதுவாக ஆயிரக்கணக்கான செல்களை ஒன்றாகக் கரைத்துத்தான் அளப்பார்களாம். "இந்தக் கூடைத் தக்காளிய அரைச்சுட்டா எது காய், எது பழம்னு தெரியுங்களா சித்தி? மொத்தத்துல ஒரு நெறந்தான் தெரியும்."

2006இல் அர்ஜுன் ராஜும் அவரோடு வேலை செய்தவர்களும் செல்லுக்குள் ஒளிரும் துண்டுகளை ஒட்டவைத்து, தூது ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். ஒரே மரபணு, ஒரே ஊட்டம். ஆனால் ஒரு செல்லில் ஏராளம், பக்கத்துச் செல்லில் சொற்பம். மரபணு சீராக ஓடுவதில்லை. தோட்டத்து மும்முனைக் கரண்ட் மாதிரி, வந்தால் மோட்டார் கொட்டும், போனால் நிற்கும். எப்போது வரும் என்பது தற்செயல். அந்தச் செல்களெல்லாம் 1957இல் ஒரு பெண் ஹாம்ஸ்டர் எலியின் சூலகத்திலிருந்து எடுத்தவற்றின் வழிவந்தவை.

இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பெயர் 'நாய்ஸ்'. தமிழில் இரைச்சல் என்றேன். சொன்னதுமே பிடிக்கவில்லை. நாலு பெண்கள் நாலு விதமாகப் பேசினாலும் அதே சொல்தானே.

அக்காவும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவள் பத்தாவதோடு நின்றாள், நான் டாக்டர் பட்டம் வாங்கினேன். 'அவளுக்குப் படிப்பு ஏறல' என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, அவளே அதை நம்பிவிட்டாள்.

"அப்ப எல்லாமே தற்செயல்தானா கண்ணு?" என்றேன், கொஞ்சம் நிம்மதியோடு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "செல்லுக்கு ஆரும் மாப்பிள்ளை பாக்கறதில்லீங்க சித்தி. அம்மாவுக்குப் பாத்தாங்க."

ஊர்ப் பேரிலேயே கிணறு இருக்கிறது. அந்த வருடம் எங்கள் கிணறு வற்றியது. ஒருத்தியைத்தான் படிக்கவைக்க முடியும் என்றார் அப்பா. மூத்தவளுக்குக் கல்யாணம் பேசினார்கள். பத்தாவதில் அக்காவின் மதிப்பெண் என்னுடையதைவிட முப்பத்திரண்டு அதிகம். மேடைகளில் என் உழைப்பைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறேன், இதை ஓரிடத்திலும் சொன்னதில்லை.

அக்கா காயைக் காயோடும் பழத்தைப் பழத்தோடும் போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மகளிடம் கேட்டாள்: "அந்தப் பொட்ட எலி அப்பறம் என்னாச்சு கண்ணு?"