சந்தை நாள் பார்த்துத்தான் டிக்கெட்

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை சாயங்காலம் சூடு பிடிக்கும். விடிய விடிய வியாபாரம் நடந்து செவ்வாய்க்கிழமையோடு கலைந்துவிடும். விமானம் மலிவாகக் கிடைக்கிறதே என்று புதன்கிழமை திருச்சியில் போய் இறங்குகிறவர் அடுத்த திங்கள் வரை விடுதி வாடகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த வெள்ளி அங்கேயே கரைந்துபோகும். மலேசியாவில், ஈப்போ பக்கத்துச் செமோரில் சேலைக்கடை வைத்திருக்கிறேன். கொள்முதலுக்குப் போகத் தேதி குறிக்கும்போது சந்தை நாளைத்தான் முதலில் பார்ப்பேன். விமானக் கட்டணம் அதற்கப்புறம்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது தீபாவளி. 2025-இல் அக்டோபர் 20-ஆம் தேதி வந்தது. 2026-இல் நவம்பர் 8. போன வருடத் தேதியை அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்தால் கணக்கு பத்தொன்பது நாள் தள்ளிப்போகும். நான் பின்னாலிருந்து எண்ணுவேன். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தையல்காரர்கள் ரவிக்கை வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே சேலை அதற்கும் ஒரு மாதம் முன்னால் கடையில் தொங்க வேண்டும். சென்னையிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குக் கப்பல் ஓடுவது ஒரு வாரம் போலத்தான். ஆனால் நம்மைப் போன்ற சில்லறை வியாபாரிகளின் மூட்டைகள் பலருடைய சரக்கோடு சேர்ந்து ஒரு கொள்கலன் நிறைய வேண்டும், இங்கே சுங்கத்தில் கே1 பாரம் நிரப்ப வேண்டும், லாரி பிடிக்க வேண்டும். மொத்தத்துக்கும் ஒரு மாதம் ஒதுக்குகிறேன். இப்படி எண்ணிக்கொண்டு போனால் பயணம் ஜூலையில் வந்து நிற்கும்.

ஜூலை நடுவில் அங்கே ஆடி பிறந்துவிடும். ஆடித் தள்ளுபடிக்காகப் போகிறேன் என்று பலர் நினைக்கிறார்கள். அது சில்லறைக் கடைக் கூத்து, மொத்தக் கடைக்காரரை அசைக்காது. எனக்கு ஆடி பிடிப்பதற்குக் காரணம் வேறு. கல்யாணம் இல்லாத மாதம். இளம்பிள்ளையிலும் காஞ்சிபுரத்திலும் கடைக்காரர் என்னோடு உட்கார்ந்து நிறம், கரை, விலை என்று ஒவ்வொன்றாகப் பேச நேரம் இருக்கும். தை, மாசியில் போனால் முகத்தைக்கூட நிமிர்த்திப் பார்க்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் தேர்தல் அறிவித்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருப்பவர் அதற்குத் தாள் காட்ட வேண்டும். இல்லையென்றால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். 2024 மக்களவைத் தேர்தலின்போது அந்த விதிகள் மார்ச் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை இருந்தன. ரொக்கத்தில் ஓடும் சந்தைக்கு அது பெரிய முடக்கம்.

தேதி முடிவானால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. தைப்பூசம் முடிந்த கையோடு அதை எழுத ஆரம்பித்துவிடுவேன். என் வாடிக்கைப் பெண்களில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர்களுடைய அம்மாக்கள், சம்பள நாளன்று லயத்து வாசலுக்குத் துணி மூட்டையோடு வரும் வியாபாரியிடம் தவணைக்கு வாங்கி உடுத்தியவர்கள். இந்தப் பெண்கள் இப்போது தாமான்களில் குடியிருக்கிறார்கள், ஜெலாப்பாங் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். கனத்த பட்டு கட்ட நேரமும் இல்லை, வீட்டில் அதை மடித்துக் கொடுக்க ஆளும் இல்லை. "கோயிலுக்குக் கட்டினாலும் கார் ஓட்ட முடியணும்" என்று ஒருவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன். அந்த ஒரு வரிக்காக அந்த வருடம் மெல்லிய காட்டன் பட்டு கூடுதலாக எடுத்தேன். நிறத்தையும் வெறுமனே பச்சை என்று எழுதுவதில்லை, யாருக்கு, எந்தப் பச்சை என்று எழுதுவேன். கேட்டு இல்லையென்று திருப்பி அனுப்பிய சேலைகளுக்குத் தனிப் பக்கம். விற்காமல் தங்கியவற்றுக்கு இன்னொரு பக்கம். சந்தையில் இரவு ஒரு மணிக்குக் கண் மயங்கி எல்லாமே அழகாகத் தெரியும் நேரத்தில் அந்த இரண்டாவது பக்கம்தான் என் கையைப் பிடித்து நிறுத்தும். ஈப்போ கல்லுமலைக் கோயில் தைப்பூசத்துக்கு மஞ்சள் சேலை எத்தனை வேண்டும் என்பதையும் இதே பயணத்தில் முடித்துவிடுவேன், ஜனவரிக்கென்று தனியாக ஒரு தடவை போவது கட்டாது.

தாள் வேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரக்கு வாங்கப் போகிறவர் சுற்றுலா விசாவில் போகக்கூடாது. மின் விசாவிலேயே வணிக வகை இருக்கிறது, ஒரு வருடம் செல்லும், பல தடவை போய் வரலாம். அடுத்தது, அங்கே சின்னக் கடைக்காரர் எல்லாரிடமும் ஏற்றுமதி செய்வதற்கான ஐஇசி எண் இருக்காது. அந்த எண் உள்ள ஏஜெண்டைப் புறப்படுவதற்கு முன்பே பேசி வைத்து, எல்லாக் கடைச் சரக்கும் அவர் கிடங்குக்குப் போகும்படி செய்ய வேண்டும். ஆசியான் - இந்தியா வர்த்தக ஒப்பந்தம் 2010-இலிருந்தும் மலேசியா - இந்தியா ஒப்பந்தம் 2011-இலிருந்தும் நடப்பில் உள்ளன. அவற்றின் சலுகையைக் கேட்பதற்கு, சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்ற சான்றிதழ் வேண்டும். கப்பல் ஏறிய பிறகு அதைக் கேட்டு அலைவதைவிட ஏஜெண்டிடம் முதல் நாளே சொல்லி வைப்பது நல்லது.

செமோரிலிருந்து கேஎல்ஐஏ போக இரண்டு வழி. அமான்ஜெயா பேருந்து நிலையம் நமக்குப் பக்கம், அங்கிருந்து விமான நிலையத்துக்கே நேர்ப் பேருந்து உண்டு. அல்லது ஈப்போவில் இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் மாற வேண்டும். போகும்போது சுமை இல்லை, நான் ரயிலில் போவேன். திரும்பும்போது மாதிரிச் சேலைகளோடு இரண்டு இடத்தில் ஏறி இறங்க முடியாது, பேருந்துதான். பள்ளி விடுமுறையும் பெருநாளும் ஒட்டி வந்தால் இடிஎஸ் இருக்கை கிடைக்காது, நெடுஞ்சாலையும் தாப்பாவுக்குத் தெற்கே நகராது. அப்படிப்பட்ட வாரமானால் முந்தின நாளே கோலாலம்பூரில் போய்த் தங்கிவிடுவது உத்தமம். விமானம் முதல் முனையத்திலா இரண்டாவதிலா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருச்சியில் இறங்கி சென்னையில் ஏறும்படி டிக்கெட் எடுப்பது என் வழக்கம். ஞாயிறு இறங்கி, கரூர் வழியாக ரயிலில் ஈரோடு. திங்கள் பகலில் தூக்கம், சாயங்காலம் சந்தை. அங்கிருந்து இளம்பிள்ளை, பிறகு காஞ்சிபுரம், கடைசியில் சென்னை. வந்த வழியே திரும்பாததால் ஒரு நாள் மிச்சமாகும். அந்த நாளை எந்த வேலைக்கும் ஒதுக்காமல் வெறுமனே வைத்திருப்பேன். ஏதாவது ஒரு ஊர் அதைக் கேட்காமல் விடாது. ரஜூலா கப்பலில் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போன காலத்துத் துணி வியாபாரிகளுக்கு இந்தக் கவலை இருந்திருக்காது. நடுக்கடலிலேயே அவர்களுக்கு வெற்று நாள்கள் வேண்டிய மட்டும் கிடைத்திருக்கும்.

பையில் என்ன இருக்கும் என்று கடைக்கு வரும் பெண்கள் கேட்பார்கள். இரண்டு செட் துணி, அதற்கு மேல் வேண்டியதில்லை, போவதே துணிக் கடல். இஞ்சி டேப் முக்கியம். சேலை ஐந்தரை மீட்டர் இருக்கிறதா, ரவிக்கைத் துணி அதற்குள் அடங்குகிறதா, தனியா என்பதை அளந்தே பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைக் கைக்குட்டை. அதை நனைத்துக் கரையில் தேய்த்தால் சாயம் போகுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். நன்றாக விற்ற சேலைகளிலிருந்து வெட்டி வைத்த துண்டுகள், நிறத்தைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம். சந்தையில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த மெரூன் விடிந்ததும் அரக்காக மாறும், அதனால் முக்கியமான நிறங்களைப் பொழுது விடிந்த பிறகே உறுதி செய்வேன். நம் ஊர்ச் சதுர முனை பிளக் அங்கே நுழையாது, வட்ட முனை மாற்றி ஒன்று. வங்கி அட்டையை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு இங்கிருந்தே திறந்துவிட வேண்டும்.

எத்தனை தயார் செய்தாலும் வாய் காட்டிக்கொடுத்துவிடும். நான் இரண்டு வார்த்தை பேசியதுமே "ஏனுங்க்கா, மலேசியாவுங்களா?" என்று கேட்டு விலையை ஏற்றிவிடுவார்கள். அதற்கு மருந்தும் நோட்டுப் புத்தகம்தான். போன தடவை எந்த ரகம், எந்தக் கடை, என்ன விலை என்பதைப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினால், "சரி உடுங்க்கா" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வருவார்கள். நானும் கடைசி ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதில்லை. அடுத்த ஜூலையிலும் அதே ஆளிடம்தான் போகப்போகிறேன்.

இந்த வருடம் முதல் தடவையாகப் போக நினைக்கும் சின்ன வியாபாரிகளே, விமானக் கட்டணத்தை அப்புறம் பார்க்கலாம். இன்றைக்கே அலமாரியைத் திறந்து கடப்பிதழின் காலாவதித் தேதியைப் பாருங்கள். இந்திய விசாவுக்கு ஆறு மாதம் செல்லுபடியும் இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும். இல்லையென்றால் முதலில் குடிநுழைவுத் துறைக்குப் போய்ப் புதுப்பித்துவிட்டு வாருங்கள்.