ஆயுதம் ஏந்தியோரின் பொறுமை

ஆயுதம் வைத்திருப்பவர் மற்றவரைவிட அதிகம் பொறுத்துப்போகக் கடமைப்பட்டவர். வெறுங்கையர் இருவரின் சச்சரவு வசைச்சொல்லோடு முடியலாம். ஒருவர் இடுப்பில் துப்பாக்கி இருந்தால் அது ஜனாஸாவில் முடியக்கூடும்.

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம். தோள் உரசல், வண்டி மோதல், கடை வாசலை மறித்ததற்கான ஏச்சு எல்லாம் அங்கே உண்டு. அவை அந்தியோடு ஆறிப்போவது, கோபித்தவர் கையில் கொல்லும் கருவி இல்லாமையாலும்தான்.

ஜவ்வாது மலையடிவாரத்து விவசாய நண்பர் ஒருவர் உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருந்தார். வாய்க்கால் தகராறென்று எவரேனும் வந்தால், துப்பாக்கி அறையைப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்த பின்னரே வாசலுக்கு வருவார். "கோபம் என்னுடையது, சாவி அவளுடையது" என்பார்.

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில், பேச்சோடு முடிந்திருக்க வேண்டிய சந்திப்பில் துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரும் எம்.ஆர்.ராதாவும் உயிர் பிழைத்தனர்; எம்.ஜி.ஆரின் குரலோ பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெறலாம். ஆயினும் தற்காப்பிலும் தேவைக்கு மிஞ்சிய தீங்கைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

அம்புகளுடன் பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ செல்வோர் அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டுமெனப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தவறிப் படும் கீறலுக்கே இத்துணைப் பேணுதல் என்றால், சினந்து நீட்டும் ஆயுதத்துக்கு என்ன பதில் சொல்வோம்?

உரிமம் பெற்ற சகோதரர்களே! தெருத் தகராறில் முதலில் விலகுபவர் நீங்களாக இருங்கள். வழிவிடுவதும் அந்த உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்றென்று எண்ணிக்கொள்ளுங்கள்.