கொழிக்கிற மெஷின்

அம்மா கனடாவுக்கு வந்தபோது பெட்டிக்குள் ஒரு பனையோலைச் சுளகு கொண்டுவந்தார். தண்டர் பேயில் எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே அரிசிப் பையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். கல் இல்லை, உமி இல்லை. "இஞ்ச எனக்கு வேலை இல்லை" என்று சொல்லிச் சுளகைச் சுவரில் மாட்டிவிட்டார். பகிடியாகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மூன்று குளிர்காலம் போனபின்தான் அது பகிடி இல்லையென்று விளங்கியது.

நான் கனிம ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். பாறையை இடித்து மாவாக்கி, அதில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது தொழில். அம்மாவுக்கு இதை ஒருநாளும் சரியாக விளக்கியதில்லை. "கல்லு உடைக்கிற வேலை" என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சுரங்கக் கையேடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"உது என்ன பிள்ளை?"

"இதுக்குப் பேர் வானர், அம்மா."

"வானரமோ?"

சிரித்துவிட்டுச் சொன்னேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தீவு சில்வர் ஐலெட். 1868இல் அங்கே வெள்ளி கண்டுபிடித்தார்கள். வில்லியம் ஃப்ரூ என்பவர் அலைக்கு அணை கட்டி, ஏரிக்கு அடியில் சுரங்கம் நடத்தினார். வெள்ளி குறைவாக இருந்த கல்லையும் வீணாக்காமல் பிரித்தெடுக்க அவர் செய்த இயந்திரம் இது. 1874இல் காப்புரிமை பெற்றார். சாய்வான ரப்பர் பட்டி மெல்ல மேல்நோக்கி ஓடும். பக்கவாட்டில் ஓயாமல் ஆடும். மேலிருந்து தண்ணீர் வழியும். லேசான மண் தண்ணீரோடு கீழே போகும், பாரமான வெள்ளித் தாது பட்டியோடு மேலே போகும். 1884இல் நீரிறைக்கும் எந்திரங்களுக்கு நிலக்கரி வந்து சேராமல் சுரங்கம் மூழ்கியது. இயந்திரம் மட்டும் பல நாட்டுச் சுரங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அம்மா இரண்டு கையையும் நீட்டி வெறும் காற்றில் ஆட்டிப் பார்த்தார். "இது கொழிக்கிறதெல்லோ! கொழிக்கிற மெஷின் எண்டு சொல்லன்."

பக்கத்தில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். பள்ளியில் பிரெஞ்சு படிக்கிறாள். "அம்மா, பிரெஞ்சில 'வானே' எண்டால் தானியம் புடைக்கிறது" என்றாள்.

அகராதியை எடுத்தேன். லத்தீனில் 'வன்னுஸ்' என்றால் தானியம் புடைக்கும் கூடை. அந்த வழியில் வந்ததுதான் ஆங்கிலத்தின் 'வான்' என்ற பழைய சொல். இங்கிலாந்தின் கோர்ன்வோல் தகரச் சுரங்கங்களில், இடித்த கல்லை மண்வெட்டியில் வைத்து நீர்விட்டு அலைத்துச் சோதிப்பதை 'வானிங்' என்றார்கள். வயலிலிருந்து அந்தச் சொல் சுரங்கத்துக்கு இறங்கியிருக்கிறது. எங்கள் கூரையில் சுற்றும் 'ஃபான்' என்ற சொல்லும் அதே கூடைக்குள் இருந்து வந்ததுதான்.

இத்தனை வருடம் நான் செய்தது சுளகு வேலை. அதை அம்மாவுக்கு விளக்கச் சொல் இல்லையென்று நினைத்திருந்தேன். புடைக்கிறது, கொழிக்கிறது, தெள்ளுறது என்று ஒவ்வொரு அசைவுக்கும் அவரிடம் ஒரு சொல் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஏரிக்கரையிலிருந்து ஒரு வாளி மணல் கொண்டுவந்து காயவைத்தேன். அதில் கருமணல் கலந்திருக்கும், அது இரும்புத்தாது. அம்மா சுளகைச் சுவரிலிருந்து இறக்கி, கீழே பேப்பர் விரித்து, ஒரு பிடி போட்டுக் கொழித்தார். வெள்ளை மணல் முன்னால் நகர்ந்து விழுந்தது. அவர் கைப்பக்கம் மெல்லிய கறுப்புக் கோடொன்று ஒதுங்கி நின்றது.

மகள் காந்தத்தை நீட்டினாள். கோடு எழும்பி ஒட்டிக்கொண்டது.

"நீங்கள் கூலிக்குச் செய்யிறதை நான் சும்மா செய்திருக்கிறன்" என்றார் அம்மா. பிறகு மகளைப் பார்த்து, "இஞ்ச வா, இப்பிடிப் பிடி. கையை இறுக்காதை" என்றார்.

சுளகு இப்போது சுவரில் இல்லை.