நிறுத்தச் சொன்னவன்

என் தங்கையின் வலிப்பு மாத்திரையை நிறுத்தியவன் நான். தெரியாமல் செய்தேன் என்று தப்பிக்க வழியில்லை. வீட்டில் உயர்தரம் வரை உயிரியல் படித்தவன் நான் ஒருவன்தான்.

பெனோபார்பிட்டோன். கிளினிக்கில் காகித உறையில் போட்டு, மேலே சிங்களத்தில் எழுதித் தருவார்கள். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். "தூக்கமாவே வருதுண்ணே, கை ஓட மாட்டேங்குது" என்பாள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறையும், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. அதைச் சாக்காக வைத்துத்தான் நிறுத்தச் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு: பொகவந்தலாவையிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. தூங்கி வழியும் முகத்தோடு அவள் தேத்தண்ணீர் நீட்டுவதையோ, அந்த உறை யார் கண்ணிலாவது படுவதையோ நான் விரும்பவில்லை.

இந்த மருந்துக்கும் தூக்கத்துக்கும் பழைய உறவு. தூக்க மருந்தாகத்தான் அது சந்தைக்கு வந்தது. 1912இல் ஜெர்மனியில் அல்பிரட் ஹவுப்ட்மன் என்ற இளம் மருத்துவர் தன் வலிப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார், வலிப்பும் குறைந்தது. நரம்பணுக்களை அமர்த்தி வைக்கும் காபா என்ற பொருள் மூளையிலேயே இருக்கிறது. அதன் வேலைக்கு இந்த மாத்திரை வலுச் சேர்க்கிறது. நரம்பணுவுக்குள் குளோரைடு புகும் வழி கூடுதல் நேரம் திறந்திருக்கும். அணு லேசில் கொதிக்காது. நோயைத் தீர்ப்பதில்லை, அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான்.

நிறுத்தி ஒரு வாரம் ஒன்றுமே ஆகவில்லை. முகம் தெளிந்தது, கொழுந்தும் கூடியது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று பெரிய டொக்டர் மாதிரி பேசினேன். மழை நின்ற அன்றே லக்சபான நீர்மின் நிலையத்தில் மின்சாரம் நின்றுவிடுமா என்ன? எங்கள் நோட்டன் அணையில் கெஹெல்கமு ஓயாவின் தண்ணீர் தேங்கி நிற்கிறதே, அதுபோல மருந்தும் இரத்தத்தில் தேங்கி நின்றது. பாதி வடியவே ஏறத்தாழ நான்கு நாள் பிடிக்கும் மருந்து அது. முழுக்க வடிய இரண்டு மூன்று வாரம். மருந்துக்குப் பழகிய மூளையோ, அது விலகும்போது முன்னைவிட வேகமாகத் துள்ளும். அதனால்தான் நிறுத்துவதானாலும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். நான் ஒரே நாளில் நிறுத்தினேன்.

இரண்டாவது வாரம், ரொட்டி சுடும்போது அடுப்படியில் விழுந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. ஒரு வலிப்பு தெளியுமுன் அடுத்தது. ஐந்து நிமிடம் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்பதைப் பிறகுதான் படித்தேன். யாரோ அவள் கையில் சாவியைத் திணித்தார்கள். நான் லொறி தேடி ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டார்கள், மருந்து ஒழுங்காக எடுத்தாளா என்று. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மறந்துட்டேன் டொக்டர்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பொகவந்தலாவைக்காரர்கள் வரவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இந்தியாவில் 1999 வரை இந்துத் திருமணச் சட்டமே, அடிக்கடி வலிப்பு வருகிறவர்களைத் திருமணத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று எழுதி வைத்திருந்தது. அங்கே அதை அடித்துவிட்டார்கள். எங்கள் தோட்ட லயத்தில் சட்டம் இல்லாமலே அது நடப்பில் இருக்கிறது, என் மண்டைக்குள்ளும் இருந்தது.

மறுபடி மாத்திரை தொடங்கி அவள் தேறி வருகிறாள். இந்த வலிப்பு முனி வேலை என்று அம்மா பூசாரியிடம் போனபோதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முனிக்கு அறுத்த சேவலுக்குக் காசு கொடுத்ததும் நான்தான்.