மீனோடு வீடு மாறும்போது

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் பேக்கிங் நடக்கும் இடத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால் போதும், மீனை இடம் மாற்றுவது எவ்வளவு யோசித்துச் செய்யப்படும் தொழில் என்பது புரிந்துவிடும். வெளியூர் போகிற மீனுக்கு முந்தைய நாளே தீனியை நிறுத்திவிடுகிறார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் கவருக்குள் கழிவு சேராது. கவரில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர். மீனை விட்டதும், மேலே இருக்கும் காற்றைக் கையால் அழுத்தி வெளியேற்றி, சிலிண்டர் குழாயை நுழைத்து ஆக்சிஜன் நிரப்பி, கவரின் வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்டைச் சுற்றுகிறார்கள். சில நொடிகளில் முடிகிற வேலை. அடிமூலை இரண்டையும் தனியாக ரப்பர் பேண்டால் கட்டுகிறார்களே, அதில்தான் தொழிலின் நுட்பம் இருக்கிறது. மூலை கூர்மையாக இருந்தால் கப்பி போன்ற சிறு மீன்கள் அதற்குள் ஒதுங்கி நசுங்கிவிடும். தண்ணீரைக் குறைப்பதற்கும் கணக்கு உண்டு. 28 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம்தான்; சாதாரணக் காற்று ஒரு லிட்டர் இருந்தாலே அதைப்போல 30 மடங்குக்கு மேல் கிடைக்கும். நாள் முழுக்கக் குனிந்தபடி, ஈரக் கையோடு இதைச் செய்கிறவர்களை வெறும் கவர் கட்டுகிற ஆட்களாகப் பார்ப்பது அநியாயம்.

வீடு மாறுகிறவர்கள் மீனைப் பொறுத்தவரை இவர்களைப் பின்பற்றினாலே பாதிக் கவலை தீரும். மீதிப் பாதி தொட்டியில் இருக்கிறது. தொட்டியிலிருந்து உயிரோடு கொண்டுபோக வேண்டியது மீன் மட்டும் அல்ல என்பதே என் வாதம். மீன் வெளியிடும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவாகக் கெடுதி இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் அடியில் பரப்பிய கல்லிலும் ஒட்டி வாழ்கின்றன. புதிய தொட்டியில் அவை போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். புது வீட்டுக்குப் போகிறோமே என்று ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து அலசி வெயிலில் உலர்த்துகிறவர், குளோரின் கலந்த தண்ணீராலும் உலர்த்துவதாலும் அந்த உயிர்களைக் கொன்றுவிடுகிறார். வழியில் நன்றாக இருந்த மீன் அடுத்த வாரம் செத்து மிதந்தால், பயண அலுப்பின் மேல் பழி போடுகிறோம். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து ஒரு டப்பாவில் எடுத்துப்போய், போன உடனே ஃபில்டரை ஓடவிடுவதுதான் சரி.

பழைய தண்ணீரை அப்படியே கொண்டுபோனால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. தண்ணீரில் மிதக்கும் பாக்டீரியா மிகக் குறைவு. பழைய வீட்டில் மெட்ரோ தண்ணீர், புது வீட்டில் போர் தண்ணீர் என்றால், மீனுக்கு மாற்றம் சட்டென்று தெரியாமலிருக்கப் பழைய தண்ணீர் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். பக்கத்துத் தெருவுக்கு எதற்கு ஆக்சிஜன் என்பது நியாயமான கேள்வி. அரை மணி நேரப் பயணத்துக்கு மூடி போட்ட வாளியே போதும். ஆனால் கொஞ்சம் தண்ணீரோடு தொட்டியையே தூக்கிக்கொண்டு போகலாம் என்பதை மட்டும் ஏற்க முடியாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி நிறைய 56 லிட்டர் பிடிக்கும். கால்வாசி இருந்தாலும் 14 கிலோ, கல்லின் எடை வேறு. வண்டி குலுங்கும்போது அந்தத் தண்ணீர் அலைந்து மோதுவது சிலிகான் ஒட்டிய இணைப்புகளில். அன்று உடையாவிட்டாலும் பிற்பாடு கசியத் தொடங்கலாம்.

நெடுந்தூரம் போன கவரைப் பிரித்த பிறகு அதில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து மீனை மணிக்கணக்கில் பழக்குவதைப் பலர் பொறுமையின் அடையாளமாக நினைக்கிறார்கள். மூடிய கவருக்குள் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரின் பிஎச் அளவைக் குறைக்கிறது. அதனால் சேர்ந்திருக்கும் அம்மோனியாவின் பெரும்பகுதி விஷம் குறைந்த அம்மோனியம் வடிவத்தில் இருக்கிறது. கவரைப் பிரித்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அதே அம்மோனியா விஷமாகிறது. ஆகவே கவரைப் பிரிக்காமலே தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பிரித்ததும் மீனைக் கைவலையால் எடுத்துத் தொட்டியில் விட்டுவிட வேண்டும். கவர்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அன்றைக்குத் தீனி வேண்டாம். முதல் வாரம் பாதித் தீனி போதும்.