சட்டியின் அடியில் ஒட்டியிருந்த விடை

ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்கென்று ஒரு வேதனை உண்டு. கற்பித்த பாடங்களுள் எது சரி, எது பிழை என்பது பல வேளைகளில் கற்றவர்கள் கலைந்து போன பிறகே தெரிய வருகின்றது. திருத்தி எழுதக் கரும்பலகை இருக்கும். எதிரே அமர்ந்திருந்த பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட பிழையொன்றை இங்கே சொல்ல விரும்புகின்றோம்.

கடலோர ஊர் ஒன்றின் பள்ளியில் நாம் வரலாறு கற்பித்து வந்த காலம் அது. ஆண்டு 1978. கற்காலத்தைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பழைய கற்கால மனிதன் வேட்டையாடினான், மீன் பிடித்தான், காய் கனி பொறுக்கினான். புதிய கற்கால மனிதன் பயிரிட்டான், ஓரிடத்தில் தங்கினான், அதன் பின்னரே மட்பாண்டம் செய்யக் கற்றான் என்று விளக்கினோம். "அலைந்து திரிந்தவனுக்குப் பானை எதற்கு? விளைச்சல் கண்டவனுக்கல்லவா அதைச் சேர்த்து வைக்கப் பாத்திரம் வேண்டும்?" என்று ஒரு கேள்வியையும் போட்டு, அதுவே விடை என்பதுபோல் நிறுத்தினோம்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்தான்.

"சார், எங்க வாப்பாவுக்கு வயல் கிடையாது. கடலுக்குத்தான் போறாங்க. ஆனா எங்க உம்மா சட்டியிலதானே மீன் ஆக்குறாங்க? பயிர் செய்யாதவங்களுக்கும் சட்டி வேணும்தானே சார்?"

நாம் சிரித்தோம். "உன் உம்மா சட்டியைச் சந்தையில் வாங்கினார்கள். கற்கால மனிதனுக்குச் சந்தை ஏது?" என்றோம். வகுப்பே சிரித்தது. அவன் அமர்ந்துவிட்டான். அந்த ஆண்டு முழுவதும் நம்மிடம் அவன் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

நாம் கற்பித்தது நாமே புனைந்த செய்தியன்று. அன்றைய பேரறிஞர்கள் பலர் கொண்டிருந்த கருத்துத்தான். கார்டன் சைல்டு என்னும் தொல்லியல் மேதை 1936இல் வெளியிட்ட நூலில், களிமண்ணைச் சுட்டுப் பாண்டமாக்கியதை, மனிதன் அறிந்தே ஒரு பொருளை வேதியியல் முறையில் வேறு பொருளாக மாற்றிய முதற்செயல் என்று போற்றினார். எனினும் அந்தப் பெருமையை அவர் உழவோடு சேர்த்தே வைத்தார். அவர் வழியில் பாடநூல்களும் நடந்தன. பாடநூல்களின் வழியில் நாமும் நடந்தோம்.

ஆனால் மண்ணுக்குள் வேறொரு சாட்சி காத்திருந்தது. 1877ஆம் ஆண்டு எட்வர்டு மோர்ஸ் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர் ஜப்பான் நாட்டுக்குச் சென்றார். கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்வதே அவர் போன நோக்கம். யோக்கஹாமாவிலிருந்து தோக்கியோவுக்கு இரயிலில் செல்கையில், ஓமோரி என்னும் இடத்தில் இருப்புப்பாதைக்காக வெட்டப்பட்ட மேட்டில் சிப்பிகள் அடுக்கடுக்காய்த் தெரிவதைச் சன்னல் வழியே கண்டார். பண்டை மக்கள் தின்று எறிந்த சிப்பிகளின் குவியல் அது என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அதைத் தோண்டியபோது பானை ஓடுகளும் கிடைத்தன. ஓடுகளின் மேல் கயிற்றை அழுத்தியதுபோன்ற தடங்கள் இருந்தன. அந்தக் 'கயிற்றுத் தடம்' என்பதே ஜப்பானிய மொழியில் 'ஜோமோன்' என்றாகி, அம்மக்களுக்கும் அவர்கள் காலத்துக்கும் பெயராக நிலைத்துவிட்டது.

ஜோமோன் மக்கள் மான், காட்டுப்பன்றி வேட்டையாடினார்கள். மீனும் சிப்பியும் பிடித்தார்கள். காட்டுக் கொட்டைகளைச் சேர்த்தார்கள். நெல் வயல் அந்நாட்டுக்கு வந்தது இன்றைக்கு ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்புதான். அவர்களுடைய பானைகளோ அதற்கும் பதினாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவை. ஆவோமோரி மாநிலத்தில் ஓதாய் யாமாமோத்தோ என்னுமிடத்தில் 1998இல் கிடைத்த ஓடுகளில் ஒட்டியிருந்த கரியைக் கணித்தபோது, அது 16,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது எனத் தெரிந்தது. சீன நாட்டின் சியான்ரென்தோங் குகையில் கிடைத்த ஓடுகள் ஏறத்தாழ 20,000 ஆண்டுத் தொன்மை உடையவை என்று 2012இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உலகைக் கடுங்குளிர் வாட்டிய பனியூழிக் காலம் அது. ஏரும் இல்லை, வயலும் இல்லை. ஆனால் அடுப்பில் பானை இருந்தது.

அந்தப் பானையை எப்படிச் செய்தார்கள்? குயவர் சக்கரம் அவர்களிடம் இல்லை, சூளையும் இல்லை. கையும் மண்ணும் கயிறும் விறகுமே இருந்தன.

முதலில் மண். தனிக் களிமண்ணில் செய்த பானை காயும்போது சுருங்கி வெடித்துவிடும். ஆகவே மணலையோ, நொறுக்கிய கல்லையோ, புல் நார்களையோ அதில் சேர்த்துப் பிசைந்தார்கள். நார் கலந்த மண் காயும்போது எளிதில் பிளப்பதில்லை. சுடும்போது அந்த நார் எரிந்து போய் நுண்ணிய வெற்றிடங்களை விட்டுச் செல்லும். பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தும் ஓட்டை உடைத்துப் பார்ப்பவர்களுக்கு அவ்வெற்றிடங்கள் தென்படுகின்றன.

அடுத்து உருவம். மண்ணைக் கயிறுபோல் உருட்டி, வளையம் வளையமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சேருமிடங்களை விரலால் அழுத்தித் தேய்த்து இணைத்தார்கள். தொடக்க காலப் பானைகள் பலவற்றின் அடிப்பகுதி உருண்டையாகவோ கூராகவோ இருக்கின்றது. தட்டையான தரையில் அது நிற்காது என்று நமக்குத் தோன்றும். ஆனால் அவர்கள் பானையை வைத்தது தரையின் மேலன்று. தணலுக்கும் சாம்பலுக்கும் நடுவே. அங்கே அது சாயாமல் நிற்கும். மூலைகள் இல்லாத வளைந்த அடியில் சூடு சீராகப் பரவும். கீறலும் எளிதில் விழாது.

ஈரம் உலருமுன் முறுக்கிய கயிற்றை அதன்மேல் வைத்து உருட்டினார்கள். முறுக்கின் வகைக்கேற்பத் தடமும் மாறியது. அழகு என்பது பிற்காலத்தில் வந்த ஆடம்பரம் என்று எண்ணுவோர் இந்தத் தடங்களைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் நீகாத்தா பகுதியில் செய்யப்பட்ட பானைகளின் விளிம்பு தீக்கொழுந்துபோல் எழுந்து நிற்கின்றது. அவற்றுள் ஒரு தொகுதியை ஜப்பானிய அரசு 1999இல் நாட்டின் கருவூலமாக அறிவித்தது. அத்தகைய பானைகளின் உட்புறத்திலும் அடிப்பிடித்த உணவின் கரி இருக்கின்றது. அதாவது, பார்த்து மகிழ மட்டும் வைத்திருந்த பாத்திரங்கள் அல்ல அவை. சமைத்து உண்ட பாத்திரங்கள்.

இறுதியாகச் சுடுதல். இதில்தான் பொறுமை வேண்டும். நன்கு உலராத பானையைத் தீயில் வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பானையை வெடிக்கச் செய்துவிடும். ஆகவே நாள் கணக்கில் நிழலில் உலர்த்தி, நெருப்பருகே வைத்துச் சூடேற்றி, அதன் பிறகே திறந்த வெளியில் விறகு அடுக்கிச் சுடவேண்டும். அத்தகைய நெருப்பு ஏறத்தாழ 600 முதல் 900 பாகை வரை சூடு தரும். 600 பாகையை நெருங்கும்போது மண்ணின் அணுக்களோடு பிணைந்திருந்த நீரும் விடுபட்டுப் போகின்றது. அதன்பின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது மீண்டும் சேறாவதில்லை. மண் என்ற நிலையைக் கடந்து அது ஓடாகிவிடுகின்றது. புகை பட்ட இடம் கருத்தும், காற்றுப் பட்ட இடம் சிவந்தும் நிற்பதால், எந்தப் பக்கத்தில் விறகு சரிந்து விழுந்தது என்பதைக்கூடப் பானையே சொல்லிவிடும்.

இப்படிச் சுட்ட பானை நீரைச் சற்றுக் கசியவிடும். ஆனால் அந்த நுண்துளைகளே சூட்டைத் தாங்கும் வலிமையையும் அதற்குத் தருகின்றன. நம் வீடுகளில் புதுச் சட்டி வாங்கியதும் வடித்த கஞ்சியை ஊற்றிக் காய்ச்சிப் பழக்குவார்களே, அதுவும் அந்தத் துளைகளை அடைப்பதற்காகத்தான்.

இனி அந்தச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். பயிரிடாத மக்கள் அந்தப் பானையில் எதைச் சமைத்தார்கள்? 2013ஆம் ஆண்டு ஆலிவர் கிரெய்க் என்பவர் தலைமையில் அறிஞர் குழுவொன்று, 15,000 முதல் 11,800 ஆண்டுகள் வரை பழமையான ஜோமோன் ஓடுகளில் தீய்ந்து ஒட்டியிருந்த 101 கரிப் படிவுகளை ஆராய்ந்து, 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டது. அவற்றில் கொழுப்பின் சுவடுகள் அழியாமல் இருந்தன. நீர்வாழ் உயிர்களின் எண்ணெய் கடும் வெப்பத்தில் காயும்போது தோன்றும் வேதிப்பொருள்களும் இருந்தன. ஆராய்ந்த படிவுகளில் பெரும்பாலானவை ஆற்றிலும் கடலிலும் கிடைத்த உணவைச் சமைத்ததால் உண்டானவை என்பது அவர்கள் கண்ட முடிவு.

எளிய சொல்லில் சொன்னால், அவை மீன் சட்டிகள்.

அச்செய்தியைப் படித்த அன்று நமக்கு உறக்கம் வரவில்லை. அடுப்பங்கரையில் தான் கண்டதைக் கொண்டு ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை கேட்ட கேள்வியில், நமது பாடநூலில் இல்லாத உண்மை இருந்திருக்கின்றது. அறியாமை பெரிய குற்றமாகாது. அன்று நமக்கு அவ்வளவே தெரிந்திருந்தது. ஆனால் "நல்ல கேள்வி, தேடிப் பார்ப்போம்" என்று சொல்ல எந்த ஆராய்ச்சியும் தேவைப்பட்டிருக்கவில்லையே! அதைச் சொல்லாமல் சிரித்தோமே, அது அறியாமை அன்று.

2016இல் ஒரு வலீமா விருந்தில் அவரைச் சந்தித்தோம். வெளிநாட்டில் பல்லாண்டு உழைத்துவிட்டு, தலை நரைத்து ஊர் திரும்பியிருந்தார். பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, "தம்பி, அன்று நீங்கள் கேட்டதுதான் சரி. நாம் சொன்னது பிழை" என்று சொல்லி, ஜோமோன் பானைகளின் செய்தியை எடுத்துரைத்தோம். அந்நாளையே அவர் மறந்திருப்பார் என்று எண்ணியிருந்தோம். அவர் மறந்திருக்கவில்லை.

சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் உம்மாகிட்டச் சொன்னேன் சார். உம்மா அப்போ சட்டியிலதான் மீன் ஆக்கிட்டு இருந்தாங்க. 'சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ பேசாம படி'ன்னு சொன்னாங்க" என்றார்.

அந்தத் தாயிடமும் சொல்லிவிட வேண்டும் என்று நமக்குத் தோன்றியது. அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டோம். மவுத்தாகி ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார்.

இதைப் படிக்கும் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பாடநூலுக்கு மாறாக ஒன்றைக் கேட்டால், "பேசாமல் படி" என்று சொல்லுமுன் சற்றே பொறுங்கள். பள்ளிக்கு அனுப்புங்கள், மீண்டும் கேட்கச் சொல்லுங்கள். ஆசிரியர் சிரித்தால், நாங்கள் சிரித்த கதையை அவருக்குச் சொல்லுங்கள்.