கஞ்சித் தண்ணியில் பிள்ளை வளராது



ஒவ்வொரு வருடமும் முதலாம் தரத்துக்குப் புதுப் பிள்ளைகள் வரும்போது ஆசிரியர்கள் நாங்கள் ஒன்றைக் கவனிக்கிறோம். சில பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. பத்து மணிக்கே மேசையில் தலையைச் சாய்த்துவிடுகிறார்கள். காலைச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள் என்று உம்மாமாரிடம் சொல்கிறோம். ஆனால் உயரம் குறைவது ஐந்து வயதில் தொடங்கும் விஷயம் அல்ல. பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள், தாய்ப்பாலோடு வேறு சாப்பாடும் தொடங்கும் காலத்தில்தான் அது நடக்கிறது.

வீட்டுச் சாப்பாடு போதுமா, டின் மா வாங்க வேண்டுமா என்று இளம் உம்மாமார் கேட்கிறார்கள். 2022இல் விலைகள் ஏறிய பிறகு இந்தக் கேள்வியில் காசுக் கவலையும் சேர்ந்துகொண்டது. டின் இல்லாமலும் பிள்ளையை நன்றாக வளர்க்கலாம். அதற்காக வீட்டில் செய்கிற எதைக் கொடுத்தாலும் சரி என்று ஆகிவிடாது.

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேலதிகமாக நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவை. 8 கிலோ பிள்ளையின் இரைப்பையில் ஒரு நேரத்துக்குச் சுமார் 240 மில்லிலீற்றர்தான் கொள்ளும். அதைக் கஞ்சித் தண்ணியால் நிரப்பினால் வயிறு நிறையும், பிள்ளையும் தூங்கும். சத்து மட்டும் போய்ச் சேராது. கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாத அளவுக்குச் சாப்பாடு தடிப்பாக இருக்க வேண்டும். அதில் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டாலே 40 கலோரி கூடும். எங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள்: அரிசி, தேங்காய்ப்பால், இறைச்சி, நல்ல தடிப்பு. உப்பும் உறைப்பும் இல்லாவிட்டால் அது பிள்ளைக்கு ஏற்ற சாப்பாடுதான்!

தடிப்பாக்குவது இலகு. கஷ்டம் இரும்புச்சத்தில்தான். பிறக்கும்போது பிள்ளை உடம்பில் கொண்டுவந்த இரும்பு ஆறு மாதமளவில் குறைந்துவிடும், தாய்ப்பாலிலும் அது மிகக் குறைவு. அமெரிக்கப் பரிந்துரைப்படி 7 முதல் 12 மாதப் பிள்ளைக்கு நாளைக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 8 போதும். அதாவது மடியில் இருக்கும் பிள்ளைக்கு வாப்பாவை விடக் கூட வேண்டும். சோறும் பருப்பும் கரட்டும் மட்டும் மசித்துக் கொடுத்து இந்த அளவை எட்ட முடியாது. மூளை வேகமாக வளரும் நேரத்தில் இரும்பு குறைந்தால் பிறகு படிப்பையும் அது பாதிக்கும்.

"மீன் குடுத்தா பிள்ளைக்குச் செமிக்காது மகள், முட்டை குடுத்தா கரப்பன் வரும்" என்று உம்மம்மாமார் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டலில் 6 மாதத்திலிருந்தே முட்டை, மீன், இறைச்சி போன்றவற்றைத் தினமும் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கடற்கரை ஊரில் இருந்துகொண்டு பிள்ளைக்கு ஒரு வயது வரை மீன் காட்டாமல் இருப்பது எங்களுக்கு விளங்கவில்லை. முள்ளைக் கவனமாக எடுத்து, சோற்றோடு மசித்தால் போதும். முட்டையை நன்றாக அவித்துக் கொடுங்கள். பருப்பு, கீரை கொடுக்கும்போது இரண்டு துளி தேசிக்காய் விட்டால் அவற்றிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். தேத்தண்ணி அதற்கு நேர்மாறு, இரும்பு சேர்வதைத் தடுக்கும். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் ஊறவைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். தேனும் ஒரு வயது வரை வேண்டாம்.

கிளினிக் காட்டில் நிறைக்கோடு தட்டையாகப் போனால் டின் வாங்க ஓடாமல் முதலில் மிட்வைப்பிடம் காட்டுங்கள். சத்துத் தூளோ இரும்புத் துளியோ தேவையா என்று அங்கே சொல்வார்கள். திரிபோஷா கிடைத்தால் அது அந்தப் பிள்ளைக்கு உரியது. சில வீடுகளில் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்துப் பெரியவர்களே முடித்துவிடுகிறார்கள்.

சந்தைக்குப் போகும் வாப்பாமாரே, கோழி வாங்கும்போது ஈரலைக் கழித்துவிடச் சொல்லாதீர்கள். நன்றாக அவித்து மசித்து வாரத்தில் ஒரு நாள் இரண்டு தேக்கரண்டி கொடுக்கலாம். மற்ற நாட்களுக்கு மீனும் முட்டையும் இருக்கிறது.